கதவின் மறுமுனை

எங்கள் தோப்பு மோட்டார் அறையின் கதவு இன்னும் சுவரில் சாய்ந்தேதான் நிற்கிறது. நீலப் பெயிண்ட் உரிந்த பலாமரக் கதவு. கீல் இருந்த இடத்தில் ஆணி பிய்ந்த ஓட்டைகள். பிய்த்தது அண்ணி, கடப்பாரையால், ஒற்றை ஆளாக. ஆறு வருடமாக யாரும் அதைத் திருப்பி மாட்டவில்லை. மாட்டவும் வேண்டாம். மலையாள எல்லைக்குள் இருக்கும் எங்கள் பெருமாட்டிப் பக்கம் வருகிறவர்கள் பார்க்கட்டும்.

பஞ்சாயத்து ஹாலில் நாலு நாள் முதலுதவிப் பயிற்சி என்றபோது எங்கள் வீட்டிலிருந்து போனது அண்ணி மட்டும். மலையாளத்தில் ‘பிரதம சுஸ்ரூஷ’ என்று அச்சடித்த சான்றிதழோடும் கட்டுப்போடும் ஒரு முக்கோணத் துணியோடும் வந்தார். உலை கொதிக்கும் நேரத்தில் தலையணையை மனுஷனாக்கி அதன் நெஞ்சை அழுத்திப் பழகுவார். சோறு பொங்கி வழியும். நாலு நாளில் டாக்டராகிவிடலாமென்றால் வருஷக்கணக்கில் படிக்கிறவனெல்லாம் கேனையனா என்று அண்ணன் கேட்பார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேலிக்கு அப்பாலிருந்து, “டாக்டரம்மா, எங்க எருமைக்கு ஒரு வாரமா மந்தமுங்க, ஒரு எட்டு வந்து பாருங்க” என்பார். நானும் சிரித்தேன். அதை மறைக்கப் போவதில்லை.

எங்களுக்குத் தேங்காய் போடுகிறவர் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவர். அன்று அவர் ஏறியது முந்தின நாள் மழையில் ஊறிய மரம். கால் வழுக்கியது யாருக்கும் கேட்கவில்லை, மண் அவரை வாங்கிய சத்தம்தான் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தபோது அண்ணி முன்பே அங்கே முழங்காலிட்டிருந்தார். இரண்டு உள்ளங்கைக்கு நடுவே விழுந்தவர் தலை. கால் விரலை ஆட்டச் சொன்னார். ஆட்டினார். இரண்டு காலின் பெருவிரலும் ஆடியதை இந்தக் கண்ணால் பார்த்தேன். ஆம்புலன்ஸுக்குப் போன் போடச் சொல்லிவிட்டு, அது வரும்வரை யாரும் தொடக்கூடாது என்றார் அண்ணி. அதற்குள் ஆட்கள் கூடிவிட்டார்கள். ஜீப்பும் வந்துவிட்டது. காத்திருப்பது பாவம் என்று ஆளாளுக்குக் குரல்.

“தூக்கியே ஆகோணும்னா பலகைல படுக்க வெச்சுத் தூக்குங்க. தம்பி, தலயப் புடிச்சுக்கங்க, அசையவே கூடாதுங்க” என்று என் கையில் அந்தத் தலையைக் கொடுத்துவிட்டு ஓடினார். திரும்பி வந்தபோது கதவின் ஒரு முனை அவர் கையில், மறுமுனை மண்ணைக் கீறிக்கொண்டு பின்னால்.

எங்கள் பக்கம் படுத்தவாக்கில் பலகையில் போகிறவன் பிணம்தான். விழுந்தவனை உட்கார வைக்க வேண்டும், சோடா கொடுக்க வேண்டும். உட்கார்ந்துவிட்டால் பிழைத்துவிட்டான் என்று அர்த்தம். இந்த அர்த்தத்தை எவன் எழுதிவைத்தானோ, அவன் வாயில் மண் விழ.

“உசுரோட இருக்கறவனப் பாடைல ஏத்தறதா? உள்ள போடி” என்றார் அண்ணன். யாரோ சிரித்தார்கள். ஒருத்தர்கூடக் கதவைத் தொடவில்லை.

நான் தலையை விட்டேன், தோளைப் பிடித்தேன். அண்ணன் இடுப்பைப் பிடித்தார். உட்கார வைத்தோம். சோடா பாட்டில் உதட்டுக்குப் போனது. அவர் குடிக்கவில்லை. மெதுவாக, எதையோ தொலைத்தவர் மாதிரி, “என்ற காலக் காணோமுங்களே” என்றார்.

ஜீப்பில் எனக்கும் அண்ணனுக்கும் நடுவே அவரை மடக்கி உட்கார வைத்துக் கொண்டுபோனோம். வழியில் எதிரே சைரன் அலறிக்கொண்டு ஓர் ஆம்புலன்ஸ் வந்தது. யாருக்கு என்ன ஆச்சோ, பாவம் என்று அண்ணன் சொன்னார். ஜீப்பை ஓரங்கட்டி வழிவிட்டோம். அது எங்களைத் தேடித்தான் போனது என்று ஆஸ்பத்திரி வாசலில்தான் உறைத்தது.

உள்ளே டாக்டர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “ஆரா இயாளெ இருத்தியது?” யார் இவரை உட்கார வைத்தது? ஆறு ஆம்பிளைகள் நின்றோம்.

விழுந்தவர் இன்று சக்கர நாற்காலியில் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார். நாங்கள் ஆசைப்பட்டபடியே உட்கார்ந்திருக்கிறார். அண்ணன் விதி என்கிறார். விதியாம். விதிக்கு இடுப்புப் பக்கம் இரண்டு கை, தோள் பக்கம் இரண்டு கை. தோள் பக்கக் கைகள் என்னுடையவை. இதையெல்லாம்விட என்னை எரிக்கிறது வேறொன்று. பஞ்சாயத்தில் மறுபடி பயிற்சி அறிவித்தால், டீக்கடையில் அதே ஆட்கள், “அந்தம்மா படிச்சு என்னத்தக் கிழிச்சுது, தேங்கா போடறவன் எந்திரிச்சானா?” என்கிறார்கள். காதைப் பொத்திக்கொண்டவன், சொன்னவளைச் செவிடி என்கிறான்.

போன மாதம் நான் போனேன். நாலு நாள். இரண்டு உள்ளங்கைக்கு நடுவே ஒரு தலையைப் பிடித்து வைக்கச் சொன்னார்கள். பிடித்தேன். நேரம் முடிந்தது, விடலாம் என்று சொன்ன பிறகும் கை வரவில்லை. சான்றிதழை அண்ணியிடம் காட்டியபோது அவர் முறத்திலிருந்து நிமிரவில்லை.

“நல்லதுங்க தம்பி” என்றார். பிறகு, “அடுத்த தடவ நான் கதவ இழுத்துட்டு வந்தா, அந்தப் பக்கம் புடிப்பீங்களா?”

தோப்புக்கு நடந்தேன். கதவு சாய்ந்திருந்தது. குனிந்து ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தேன். அப்படியொன்றும் கனமில்லை.