தோணிப் பண்டாரியும் பச்சை மாத்திரையும்

இஞ்ஞாசி கோணி ஊசியின் முனையை அடுப்புத் தீயில் காட்டித் துடைக்கிறார். பச்சை மாத்திரையின் தலையில் ஒரு குத்து. பிதுக்கி, உள்ளிருக்கும் எண்ணெயை அவித்த கோழியும் சோறும் பிசைந்த தட்டில் விட்டு, விரலால் கிளறித் தரையில் வைக்கிறார். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்கிறார். ஆள் பார்த்துக்கொண்டிருந்தால் சுக்கானி சாப்பிடாது என்பது அவருடைய கண்டுபிடிப்பு.

சுக்கானி ஒரு பெண் பூனை. தூத்துக்குடி பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குக் காய்கறியும் ஜல்லியும் ஏற்றிப் போகிற தோணியில் இஞ்ஞாசி பண்டாரி, அதாவது சமையல்காரர். முப்பத்திரண்டு வருடமாகப் பொங்கிப் போடுகிறார். இன்ஜின் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி, கோயிலில் ஜெபம் சொன்னாலும் தெருமுனைவரை கேட்கும். வீட்டு அடுப்பிலும் சட்டியின் காதைக் கயிற்றால் கட்டித்தான் வைப்பார். வீடு ஆடாது என்று மனைவி விஜிலா சொல்லிப் பார்த்து ஓய்ந்துவிட்டார். எலி பிடிக்கத் தோணிக்கு வந்த பூனை, ஒன்பது வருடமாகச் சுக்கான் பிடிப்பவர் பக்கத்தில் உட்கார்ந்தே அந்தப் பெயரை வாங்கிக்கொண்டது.

தூண்டிலில் சூரை மீன் மாட்டினால், கருஞ்சிவப்பான நடுச்சதையை வெட்டி முதலில் பூனைக்குத்தான் போடுவார். தோணியை நடத்தும் தண்டலுக்கே பிறகுதான். "எம் புள்ள சோறு தொடாது. சூரைதான்" என்று சொல்வதில் அவருக்கு ஒரு தலைக்கனமே உண்டு. சுற்றியிருப்பவர்கள் எல்லாம் மீன் தின்று வளர்ந்தவர்கள். பூனைக்கு மீன் ஆகாமல் போகும் என்று அங்கே யார் நினைப்பார்கள்?

தோணி கரையில் கட்டிக் கிடக்கும் காற்றுக்காலத்தில், ஆகஸ்ட் தொடக்கத்தில், முதுகைத் தொட்டாலே சுக்கானி அலறத் தொடங்கியது. வெங்காயக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவர் ஜெர்லினிடம் ஓடினார். என்ன சாப்பிடும் என்று அவர் கேட்க, இஞ்ஞாசி பெருமையாகவே சொன்னார்.

"அதுதான் அண்ணாச்சி வினை. வெறும் சூரையாப் போட்டா மீன் எண்ணெ உடம்புல கூடிரும். அதுக்கு ஈடுகொடுக்க வைட்டமின் இ பத்தாது. தோலுக்கு அடியில கொழுப்பு புண்ணாயி கட்டிதட்டிக் கெடக்கு. தொட்டா வலிக்கத்தான் செய்யும்."

"அப்ப நாந்தான் வலிக்க வச்சிருக்கேன், என்ன டாக்டரம்மா" என்றார் இஞ்ஞாசி. கண் கலங்கிவிட்டது. ஆசை ஆசையாக ஊட்டிய கை அல்லவா?

மீனை அடியோடு நிறுத்தி, தினமும் ஒரு வைட்டமின் இ மாத்திரை கொடுத்தால் தேறிவிடும் என்றார் ஜெர்லின். இஞ்ஞாசிக்கு உயிர் வந்தது. வந்ததும் பேராசையும் வந்தது.

"இதக் குடுத்துக்கிட்டே இருந்தா ஆயுசு கூடுமா? ரெண்டாப் போட்டா?"

"குளிர்ல வச்சு வளத்த ஒருவக காட்டெலிக்கு இதக் குடுத்தப்ப, கூடக் கொஞ்ச நாள் இருந்திருக்கு. மத்த எலியள்ல பெருசா ஒண்ணும் கூடல. இது ஆயுசு மருந்து இல்ல அண்ணாச்சி, இந்த நோவுக்கு மருந்து. அளவு மீறுனா ரத்தம் உறையாமப் போயிரும். ஒண்ணுக்கு மேல தொடாதீய."

இதில் காட்டெலியை மட்டும் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவர், விஜிலாவிடமும் ஒரு மாத்திரையை நீட்டினார்.

"எனக்குத் தலவலின்னப்ப ஒண்ணு வாங்கித் தந்தியளா? பூனைக்கு வாங்குனதுல எனக்குப் பங்காக்கும்" என்ற விஜிலா, கதையை முழுதும் கேட்டுவிட்டு, "அந்த எலி கெடந்தது குளிர்ல. நம்ம ஊரு வெயிலுக்கு அதெல்லாம் செல்லாது" என்று முடித்துவிட்டார். இரண்டாவது மாத்திரையை எடுப்பதும் டப்பாவில் திரும்பப் போடுவதுமாக ஒரு வாரம் தவித்தார் இஞ்ஞாசி. ஆனால் டாக்டரம்மா சொல்லை மீறவில்லை.

சூரை ருசி கண்ட நாக்கு கோழியைத் திரும்பியும் பார்க்கவில்லை. மூன்று நாள் பட்டினி. நாலாம் நாள், அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோது, பின்னால் நக்கும் சத்தம் கேட்டது. அன்றிலிருந்து தினமும் சுவர்தான். தடவிக்கொடுக்கக் கை போகும்; வலிக்குமே என்று முதுகுக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிடும்.

செப்டம்பர் நடுவில் தோணி கிளம்பும் என்று ஆனதும் தண்டல் செல்வின் வந்தார். "நோவுப் பூனைய ஏத்த முடியாது மாமா. வேற பூன பாத்துக்கிடலாம்."

"அப்ப வேற பண்டாரியும் பாத்துக்கிடு, மாப்ள" என்றார் இஞ்ஞாசி, குரலை உயர்த்தாமல். அவர் குரலை உயர்த்தாமல் பேசினால் விஷயம் பெரிது என்று செல்வினுக்குத் தெரியும். போகும் நாளன்று பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்றுதான் அந்த நாள். மத்தியானம் தோணி கிளம்புகிறது. வாசலில் பையும், கடலில் சுக்கானிக்குப் போட இரண்டு அட்டை முட்டையும், மாத்திரை டப்பாவும் தயாராக இருக்கின்றன. அடுப்பில் பால். பின்னால் தட்டு காலியாகி உருளும் சத்தம் கேட்டு இஞ்ஞாசி திரும்புகிறார். கை தன்னால் நீள்கிறது, வழக்கம்போல ஒரு சாண் மேலே நிற்கிறது. சுக்கானி அந்தக் கைக்கு அடியில் வந்து நின்று, முதுகை மெல்ல உயர்த்தி, உள்ளங்கையில் முட்டுகிறது. கத்தவில்லை. இன்னொரு தடவை முட்டுகிறது.

கயிற்றால் கட்டிய சட்டியில் பால் பொங்கி அடுப்பில் வழிகிறது. முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு தடவைகூடப் பாலைப் பொங்க விடாத பண்டாரி, கையை எடுக்கவில்லை.