ஜியான் மாஸ்டரின் மூக்கு

கரண்டித் தேநீரை அவர் 'சர்ர்'ரென்று உறிஞ்சினால் தேயிலைச் சங்கத்து வாசல்வரை கேட்கும். காலையில் சோயாப்பாலையும் அப்படித்தான் உறிஞ்சுவார், மனைவி முறைப்பாள். பூண்டைத் தொடமாட்டார். அவர் சட்டைக்கு வாசனைச் சோப்பு கூடாது. நந்தோ மலையில் கறுப்புத் தேயிலைப் போட்டி எதுவானாலும், இருபத்தாறு வருடங்களாக ஜியான் தெ-மிங்தான் தலைமை நடுவர்.

மற்ற நடுவர்கள் சில கோப்பைகளில் மூக்கை வைத்ததும் "ஆஹா, பூவாசம்!" என்று கிறங்குவார்கள். அவருக்கு ஒன்றும் வராது. பாவனை என்று நினைத்துக்கொள்வார்.

மூன்று வருடங்களுக்கு முன் ஷி யுவே-ஷியா தன் சரிவுத் தோட்டத்துத் தேயிலையைப் போட்டிக்குக் கொண்டுவந்தாள்.

"வெந்நீரும்மா இது. எடுத்துட்டுப் போ."

"இன்னொரு தடவை மோந்து பாருங்க மாஸ்டர். குய்ஹுவாப் பூ மாதிரி லேசா வருதே..."

"என் மூக்குக்கே பாடம் நடத்துறியா?"

கூடம் சிரித்தது. அவள் டப்பாவை மூடிக்கொண்டு போனாள். பிறகு வரவேயில்லை.

இந்த வருடம் பல்கலைக்கழகத்துப் பெண் ஒருத்தி நடுவர்களின் மூக்கைச் சோதிக்க வந்தாள். மூன்றாவது குப்பியை முகர்ந்த ஜியான், "காலிக் குப்பியைக் குடுத்துட்டியே தங்கச்சி" என்றார். மற்றவர்கள் "பூ!" என்றார்கள். கேலி என்று நினைத்து அவரும் சிரித்தார். சிரித்தது அவர் மட்டும்தான்.

அந்தப் பெண் அவர் கன்னத்தின் உட்புறம் பஞ்சால் துடைத்து எடுத்துப்போனதன் முடிவோடு மறுமாதம் வந்தாள். "ஒரே ஒரு மரபணு, மாஸ்டர். இந்த ஒரு வாசத்தைப் பிடிக்கிற புரதத்தை அதுதான் செய்யுது. உங்களுக்கு அது பிறவியிலேயே வேற மாதிரி. நிறைய பேருக்கு உண்டு, உங்க தப்பில்ல."

யுவே-ஷியா டப்பாவை மூடியது நினைவுக்கு வந்தது. வாசம் பிடிபடாதது பிறவி. கூடத்தைச் சிரிக்கவைத்தது?

மறுநாளே ஸ்கூட்டரில் மேடேறினார். யுவே-ஷியா மூங்கில் தட்டில் இலை உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"என்ன மாஸ்டர், இவ்ளோ தூரம்?"

"உன் தேயிலை சரியாத்தாம்மா இருந்துச்சு. என் மூக்குதான்..."

அவள் தட்டிலிருந்த இலையைப் புரட்டிவிட்டாள். "பாதித் தோட்டத்தைப் பிடுங்கிட்டுப் பாக்கு நட்டுட்டேனே மாஸ்டர்" என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவரைத் தின்றது.

வந்தவருக்குத் தேநீர் வேண்டுமே. மிச்சப் பாதியின் இலையில் போட்டுக் கொடுத்தாள். முகர்ந்தார். ஒன்றுமில்லை.

கோப்பையை இரு கைகளாலும் அவள் பக்கமே நீட்டினார். "நீயே சொல்லும்மா, என்ன வாசம் வருது?" என்றவர், சட்டைப்பையிலிருந்து போட்டி மதிப்பெண் தாளை எடுத்து முழங்காலில் விரித்து, தலை நிமிராமல் பேனாவைத் திறந்தார்.