மூன்றாம் லயம், ஐந்தாம் காம்பரா

ஊவா மாகாணத்துக்கு எட்டு. பதுளை மாவட்டத்துக்கு எண்பத்தொன்று. அதற்குப் பின்னால் பிரதேச செயலகத்துக்கு ஓர் எண், கிராம சேவகர் பிரிவுக்கு ஓர் எண், கடைசியில் நான் நடந்து எண்ண வேண்டிய சின்ன வட்டாரத்துக்கு ஓர் எண். போதாததற்கு, நகரம் என்றால் ஒன்று, கிராமம் என்றால் இரண்டு, தோட்டம் என்றால் மூன்று. சனத்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆசிரியர்களைப் பிடித்தபோது மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். நான் சந்தோஷமாகவே போனேன். பண்டாரவளையில் வாப்பாவின் கடைக்குள் வளர்ந்தவள் நான். எந்த டின் எந்தத் தட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். ஒரு நாட்டையே அப்படித் தட்டுத் தட்டாக அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்றதும் அதன்மேல் எனக்கு ஒரு மரியாதையே வந்துவிட்டது.

எனக்குக் கிடைத்தது தெமோதரைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டம். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு மழைக்காலக் காலையில் அங்கே மலை சரிந்து, ஒரே கூரைக்குக் கீழே ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டியிருந்த மூன்றாம் லயத்தை மூடியது. பெரும்பாலானவர்கள் கொழுந்து எடுக்கப் போயிருந்ததால் தப்பினார்கள். தப்பியவர்களுக்கு எதிர்ப்பக்கச் சரிவில், இரண்டிரண்டாக ஒட்டிய புது வீடுகள் கட்டிக் கொடுத்திருந்தார்கள். முதல் சுற்றில் ஆட்களை எண்ணுவதில்லை, வீடுகளைப் பதிவது மட்டும்தான். போய்ப் பார்த்தால் எல்லாக் கதவிலும் வெள்ளைப் பெயின்டில் பழைய லயத்தின் எண்ணும் காம்பராவின் எண்ணும் எழுதியிருந்தன. விலாசம் கேட்டால் ஒருவர் பாக்கியில்லாமல் மூன்றாம் லயம் என்றார்கள். லயத்தில் யாருக்குப் பக்கத்தில் யார் இருந்தார்களோ அதே வரிசையில்தான் வீடுகளையும் வாங்கியிருந்தார்கள். நான் அவர்கள் சொன்னதை நம்பி, கணக்கெடுப்புக்குத் தந்திருந்த டெப் கணினியில் மூன்றாம் லயத்தின் வட்டார எண்ணையே போட்டு அனுப்பிவிட்டேன்.

அடுத்த நாள் மேற்பார்வை அதிகாரி பதுளையிலிருந்து தொலைபேசியில் அழைத்தார்.

"டீச்சர், மண்ணுக்கு அடியில ஆளுங்க குடியிருக்கிறதா அனுப்பியிருக்கீங்க," என்றார்.

அவர் சிரிக்கவில்லை. புது வீடுகளுக்கு வேறு வட்டார எண் இருக்கிறதாம். அப்படியானால் பழைய எண்ணை ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள், அழித்துவிட வேண்டியதுதானே என்று கேட்டேன். அழிக்கக் கூடாதாம். போன கணக்கெடுப்பில் அந்த இடத்தில் எத்தனை பேர் இருந்தார்கள், இப்போது எத்தனை பேர் என்று ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண் இருந்தே ஆக வேண்டும். இடம் போனாலும் எண் இருக்கும் என்றார். ஆகவே நான் அங்கேயும் நேரில் போய், கூப்பிட்டுப் பார்த்து, யாரும் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதென்றால் எங்கள் அரசாங்கக் கந்தோர்களுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்?

ஒரு பின்னேரம் தனியாகப் போனேன். பனி இறங்கியிருந்தது. வரைபடத்தில் வரிசையாகக் கட்டடங்கள் இருந்தன. கண்ணுக்கு முன்னால் இடுப்பளவு மானாப்புல். ஒரு கொய்யா மரம் காய்த்து, பறிக்க ஆளில்லாமல் கீழே கொட்டிக் கிடந்தது. புல்லுக்குள் எங்கோ ஒரு பீலிக் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, யாரோ குடத்தை வைத்துவிட்டு அந்தப் பக்கம் போன மாதிரி. விதிப்படி, வீட்டில் யாராவது இருக்கிறீர்களா என்று சத்தமாகக் கேட்டேன். கேட்ட பிறகுதான் கேட்டிருக்கக் கூடாது என்று தோன்றியது. பதில் வந்துவிட்டால்? வாய் தானாக ஓதத் தொடங்க, திரும்பிப் பார்க்காமல் பாலத்துக்கு இறங்கினேன்.

அங்கிருந்து எதிர்ச்சரிவில் ஏறினேன். புது வீடுகளின் எண்ணைத் திருத்தும்போதுதான் 'ஐந்தாம் காம்பரா' என்று எழுதிய வீடு பூட்டியிருப்பதைக் கவனித்தேன். முதல் நாள் ஆட்கள் வேலைக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். வாசல் கூட்டியிருந்தது. படியில் ஒரு குடம் தண்ணீர் நிறைத்து மூடி வைத்திருந்தது. ஆறாம் காம்பராவின் வாசலில் நின்ற ஒரு பெண் என்னை உள்ளே கூப்பிட்டு இஞ்சி தட்டிய பிளேன்டீ கொடுத்தார். ஐம்பது வயது இருக்கும். பூட்டிய வீடு அவருடைய தங்கையினுடையது. மலை சரிந்த காலையில் தங்கை மழைக்குப் பயந்து வேலைக்குப் போகாமல், புருஷனையும் இரண்டு பிள்ளைகளையும் வீட்டோடு நிறுத்திக்கொண்டாளாம். நால்வரில் ஒருவரும் கிடைக்கவில்லை. வீடு கட்டியவர்கள் காம்பராவுக்கு ஒன்று என்ற கணக்கில் அவர்களுக்கும் சேர்த்தே கட்டிவிட்டார்கள். சாவியை அக்கா வாங்கி வைத்துக்கொண்டார்.

அந்த வீட்டில் யாரும் இல்லை என்றுதானே எழுத வேண்டும் என்று நான் கேட்டதும் அவர் முகம் மாறியது.

"ஆளு இல்லைன்னு எழுதினா வேற யாருக்காவது குடுத்துருவாங்க டீச்சர். அவ வந்தா எங்க போவா?"

அவர் நடுச்சுவரைக் காட்டிப் பழைய கதையைச் சொல்லத் தொடங்கினார். லயத்தில் பக்கத்துக் காம்பராக்காரரை எழுப்ப நடுச்சுவரைத் தட்டுவார்கள். பெரட்டுக்கு, அதாவது காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்துக்கு, நேரத்தோடு போக வேண்டுமே. அக்கா தட்டினால் தங்கை இரண்டு தட்டுத் தட்டுவாளாம், முழித்துவிட்டேன் என்று. புது வீட்டிலும் இரண்டு பேருக்கும் ஒரே சுவர்தான். சொல்லிக்கொண்டே அவர் எழுந்து, விரல் முட்டியால் சுவரைத் தட்டினார்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு தட்டு வந்தது.

குளிரில் கூரைத் தகடு சுருங்கும் சத்தம் என்று நான் விளக்கினேன். எனக்கே நம்பிக்கையில்லாத விளக்கம். அவர் மறுக்கவில்லை, ஆமாங்க என்று தலையாட்டினார். பேச்சை மாற்றுவதற்காக, எங்கள் விதியைச் சொன்னேன்: ஒருவர் வழக்கமாக எந்த வீட்டில் படுத்து எழும்புகிறாரோ, அந்த வீட்டு ஆளாகத்தான் எழுதுவோம், ஒருவர்கூடப் படுக்காத வீடு ஆளில்லாத வீடு. அவர் அதை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

ஆட்களை எண்ணும் சுற்று சில வாரங்கள் கழித்து வந்தது. ஆறாம் காம்பராவில் அவருடைய மகனும் மருமகளும் பிள்ளைகளும் இருந்தார்கள். அம்மா எங்கே என்றேன். மகன் பக்கத்து வீட்டைக் காட்டினான். அங்கே போனதிலிருந்து அம்மா நன்றாகத் தூங்குவதாகச் சொன்னான். ஆனால் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஐந்தாம் காம்பராவின் கதவு திறந்திருந்தது. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அவர் என்னை நாற்காலியில் உட்கார வைத்தார். அடுப்பில் இருந்த பானைச் சோறு ஒருத்திக்கு ரொம்ப அதிகம். கழுவிக் கவிழ்த்த தட்டுகள் ஐந்து. உள் அறையில் பாய்கள் இன்னும் சுருட்டாமல் பக்கம் பக்கமாக விரித்துக் கிடந்தன. ஓரத்தில் இரண்டு சின்னப் பாய்கள். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். நடுச்சுவரில் ஏதாவது கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். சுவர் சும்மா இருந்தது. இனி அதற்கு வேலை இல்லைதானே.

மாகாணம், மாவட்டம், தோட்டம் என்று எண்கள் எல்லாம் ஏற்கெனவே விழுந்திருந்தன. கடைசிக் கேள்வி மட்டும்தான் பாக்கி. இந்த வீட்டில் வழக்கமாகத் தங்குகிறவர்கள் எத்தனை பேர் என்று, வாத்தியார் குரலைக் கஷ்டப்பட்டு வரவழைத்துக்கொண்டு கேட்டேன். அவர் உள் அறைப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"எழுதுறதுக்கு நான் ஒருத்தி தாங்க."

ஒன்று என்று அழுத்தினேன். ஆளிருக்கும் வீடு என்று டெப் ஏற்றுக்கொண்டது. பிளேன்டீ வேண்டாம் என்று சொல்லி எழுந்தேன். வாசல் வரை என்னோடு வந்தவர், படியில் நின்று வீட்டுக்குள் திரும்பி, "டீச்சர் போறாங்க," என்று சொன்னார்.