திராவகத்தில் போன ராஜா முகம்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் காகிதக் கட்டுச் சுமந்தேன். பிறகு அங்கேயே பிளாக் எடுக்கும் வேலை; துத்தநாகத் தகட்டைத் திராவகத்தில் முக்கி, படம் போக மீதியை அரித்து எடுக்க வேண்டும். அந்தப் புகையைப் பதினெட்டு வருஷம் குடித்தேன். இன்று சொந்தமாக மூன்று மெஷின், இரண்டு குடோன், மாடி வீடு. ஒருத்தரும் கைதூக்கி விடவில்லை. பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

என் ஒரே மகளை வெளியூர் அனுப்பிப் படிக்க வைத்ததும் நான்தான். பழைய கிரேக்கர்கள், ரோமானியர்களின் சிலை, காசு, பானை, புதைந்த ஊர் இவற்றை ஆராய்கிற படிப்பு. பிரஸ்ஸில் ஃபோர்மேன் கிண்டல் பண்ணுவார்.

“அண்ணாச்சி, பாப்பா படிக்கிற சிலை ஒண்ணுக்கும் மூக்கு இல்லையாமே. அதைப் பார்க்கவா பீஸ் கட்டுறீக?”

“மூக்கு இருக்கிற உன்னைப் பார்த்து மட்டும் என்னலே கண்டேன்?” என்பேன்.

நாலு வருஷம் முன்பு ஐப்பசி மாதம். அச்சங்குளம் பக்கம் என் நிலத்தில் மூன்றாவது குடோனுக்கு அஸ்திவாரம் தோண்டினோம். இடுப்பளவு ஆழத்தில் உடைந்த பானை ஓடுகள் கிடந்தன. அவற்றுக்கு நடுவில் கறுத்துப்போன ஒரு வெள்ளிக் காசு. நானே இறங்கி எடுத்தேன். செல்லில் படம் பிடித்து மகளுக்கு அனுப்பியதும் போன் வந்தது.

“அப்பா, அது ரோமாபுரி ராஜா காசு மாதிரி தெரியுது. எந்த ஆழத்துல, எது கூடக் கிடந்துச்சுன்னு தெரிஞ்ச காசு ஒண்ணுக்குத்தான் இம்புட்டு நாளா அலையுதேன். என் ஆராய்ச்சியே அதை நம்பித்தான் நிக்கு. அப்படியே இருக்கட்டும்பா. நாளன்னைக்கு வந்து தொல்லியல் ஆபீசுக்கும் நானே சொல்லிக்கிடுதேன்.”

அப்படியே இருக்கட்டும் என்றால், குடோன் வேலையை நிறுத்தச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். நிறுத்தினேன்.

ஆனால் அவ்வளவு தூரத்திலிருந்து வருகிற பிள்ளையின் கையில் அழுக்குக் காசையா கொடுப்பது? கறுத்த தகட்டைத் திராவகத்தில் ஒரு முக்கு முக்கினால் பளிச்சென்று வரும். எனக்குக் கைவந்த வேலை. பழைய ஜாடியில் மிச்சம் இருந்தது. காசைப் போட்டேன். அந்த நேரம் பார்த்து ஒரு காலண்டர் ஆர்டருக்குப் போன். பேசிவிட்டு வந்து பார்த்தால் ராஜாவுக்கு மூக்கு இல்லை, கண் இல்லை, சுற்றி இருந்த எழுத்தும் இல்லை. சட்டைப் பொத்தான் மாதிரி ஒரு தகடு.

மகள் வந்தாள். தகட்டை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். அழவில்லை.

“சரிப்பா. போட்டோ இருக்கு. அது கிடந்த மண்ணு இருந்தாப் போதும். குழி எங்கன?”

“நீ நிக்கிற இடந்தான் தாயி. மழையில நீ வழுக்கி விழுந்துறக் கூடாதேன்னு ஜேசிபி விட்டு ஓரத்தையெல்லாம் வெட்டிச் சரிச்சு, மேல நாலு லோடு கிராவல் தட்டியிருக்கு.”

அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கிராவலைக் கையால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பிறகு எழுந்து, சாப்பிடாமலே பஸ் ஏறினாள்.

அந்தப் படத்தை வைத்து ஒரே ஒரு கட்டுரை எழுதினாள். அதோடு படிப்பை விட்டுவிட்டாள். ஏதோ கம்பெனியில் போன் எடுக்கிற வேலை. தீபாவளிக்கும் வருவதில்லை. எனக்குச் செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. கட்டுரையை எழுத்துக் கூட்டிப் படித்தேன். படத்துக்குக் கீழே, ‘கண்டெடுத்தவர் தெரியவில்லை, கிடைத்த ஆழம் தெரியவில்லை’ என்று போட்டிருக்கிறாள். அப்பன் மானம் போகக் கூடாது என்று போட்டாளா, அப்பனே வேண்டாம் என்று போட்டாளா, கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆழம் என் இடுப்பளவு. கண்டெடுத்தவன் நான், கரைத்தவனும் நான். ஊரார் பெயரையெல்லாம் அச்சடித்துக் கொடுத்த நான், அந்தப் படத்தின் கீழே ஆழத்தையும், கண்டெடுத்துக் கரைத்தவன் நான்தான் என்பதையும் என் பெயரோடு அச்சடித்தே தீர வேண்டும்.