பழைய பாட்டிலில் புது மாத்திரை

என் வீட்டுக்காரரை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘ரேடியோ’ என்றால்தான் தெரியும். கத்தரிக்கோலைக் கையில் எடுத்ததும் வாய் தானாகத் திறந்துகொள்ளும். பிறகு வானிலை, பக்கத்துத் தெருக் கல்யாணம், யார் வீட்டுக் குழாய் ஒழுகுகிறது என்று எதுவும் பாக்கி இருக்காது. வீட்டுக்கு வந்தாலும் நிறுத்துவதில்லை. பதினாறு வருஷமாகக் கேட்டுக் கேட்டு என் காதுக்கு விமோசனமே இல்லாமல் போய்விட்டது.

அவர் சலூன் வைத்திருக்கிறார். கடை ஒன்றுதான், நடுவில் ஒரு திரை. அந்தப் பக்கம் அவருடைய நாற்காலி, இந்தப் பக்கம் என்னுடையது. நான் பெண்களுக்குப் புருவம் திருத்துவேன், முடி வெட்டுவேன். திரையைக் கொஞ்சம் ஒதுக்கினால் அவருடைய பெரிய கண்ணாடியில் அவர் முகமும் கையும் எனக்குத் தெரியும். நான் அந்தத் திரையை ஒருநாளும் முழுசாக மூடியதில்லை. காற்றுக்காக என்று வருகிறவர்களிடம் சொல்வேன். காற்றுக்காக இல்லை.

அவருக்குப் பத்தொன்பது வயதிலிருந்து வலிப்பு உண்டு. முதலில் இடது கட்டை விரல் துடிக்கும். துடிப்பு முழங்கைக்கு ஏறும். அதற்குப் பிறகு அவர் கையில் எதுவும் இல்லை, ஆளே விழுந்துவிடுவார். கல்யாணத்துக்கு முன்பே இதை அவரே என்னிடம் சொன்னார். அந்த நேர்மைக்காகத்தான் சரி என்றேன், பேச்சுக்காக இல்லை. அப்போதெல்லாம் அவர் தலைமுடி மட்டும்தான் வெட்டுவார். சவரம் என்று யாராவது வந்தால் அடுத்த தெருக் கடைக்கு அனுப்பிவிடுவார். தொழில் தெரிந்தவன் கையைக் கட்டிக்கொண்டு ஆளை வேறு கடைக்கு அனுப்புவது எவ்வளவு வலிக்கும் என்று நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு டாக்டரம்மா மருந்தை மாற்றிக் கொடுத்தார். ஐந்நூறு மில்லிகிராம் மாத்திரை, காலையில் ஒன்று, இரவில் ஒன்று. அத்தோடு வலிப்பு நின்றது. இரண்டு வருஷம் பார்த்துவிட்டு டாக்டரம்மா கத்தி பிடிக்க அனுமதி கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை. ஆள் விழுகிற மாதிரி ஒரு வலிப்பு வந்தாலும் அன்றிலிருந்து ஆறு மாதம் கத்தியைத் தொடக் கூடாது. இவர் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, அழுதார். மறுநாள் முதல் சவரத்துக்கு உட்கார்ந்தது என் தம்பி. பயத்தில் அவன் எச்சில்கூட விழுங்கவில்லை.

மாத்திரை விஷயத்தில் அவர் கெட்டி. ஒரு வேளைகூடத் தவறியதில்லை. கடைக் கண்ணாடிக்குக் கீழே, பவுடர் டப்பாவுக்குப் பின்னால் மாத்திரை பாட்டில் இருக்கும். காலையில் கடையைத் திறந்ததும் ஒன்று, ராத்திரி மூடும்போது ஒன்று. மூடியைத் திறந்து உள்ளங்கையில் ஒன்றைத் தட்டி, பார்க்காமலே வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பார்.

சலூன்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. கண்ணாடி முன்னால் நிற்கிற பாட்டில்கள் என்றைக்கும் மாறாது. பெரிய கம்பெனி லோஷன் பாட்டில் ஒன்று எட்டு வருஷமாக அங்கேயே நிற்கும். தீரத் தீர உள்ளே வேறு லோஷன் நிரம்பிக்கொண்டே இருக்கும். ஷாம்புவும் அப்படித்தான். “உள்ள இருக்கறது நல்லா இருந்தா போதாதா? பாட்டிலுக்கா முகம் பளபளக்கும்?” என்பார் இவர். அதில் தப்பும் இல்லை. அவர் வாங்கி ஊற்றுகிற சரக்கு நல்ல சரக்குதான்.

போன மாதம் அவருடைய மாத்திரை கிடைக்கவில்லை. கம்பெனியிலிருந்தே வரவில்லையாம். மருந்துக்கடை அக்கா டாக்டரம்மாவிடம் போனில் பேசிவிட்டு, வேறு கம்பெனி தயாரித்த அதே மருந்தைக் கொடுத்தார். வாங்கப் போனது நான்.

“மருந்து ஒண்ணுதான், பயப்படாதீங்க. ஆனா ஐந்நூறு இல்ல, இருநூத்தம்பதுதான் இருக்கு. அதனால ஒரு வேளைக்கு ரெண்டு போடணும். டப்பா மேலயும் எழுதிருக்கேன் பாருங்க” என்றார் அக்கா.

நான் வந்து இவரிடம் அப்படியே சொன்னேன். டப்பாவையும் காட்டினேன். “தெரியுது, தெரியுது. பழசு இன்னும் பத்துப் பன்னெண்டு நாளைக்கு இருக்கு. அதை முடிச்சுட்டு இதை ரெண்டு ரெண்டா போடறேன்” என்றார். நியாயமாகத்தான் பட்டது. நான் என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

அன்றைக்கு மூடும் நேரத்தில் அவர் செய்ததை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அந்தப் பாட்டிலைப் பிடுங்கி அவர் தலையிலேயே போட்டிருப்பேன். அட்டைகளைப் பிரித்து, புது மாத்திரைகளை எல்லாம் பழைய பாட்டிலில் கொட்டிவிட்டார். லோஷன் ஊற்றுகிற மாதிரி. டப்பா குப்பைத் தொட்டிக்குப் போனது. பழையது அடியில், புதுசு மேலே. இரண்டும் வெள்ளை, இரண்டும் நீளவாட்டம். புதுசு கொஞ்சம் சின்னது, அவ்வளவுதான் வித்தியாசம். பழையதை முடிப்பதாக நினைத்துக்கொண்டு வேளைக்கு ஒன்றாக மேலே இருந்த புதுசைத் தட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். அதாவது பாதி மருந்து. ஒன்பது நாள்.

ஒன்பதாம் நாள் காலை பதினொரு மணி இருக்கும். என் நாற்காலி காலியாக இருந்தது, நான் துண்டு மடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் லாரி டிரைவர் அண்ணன் சவரத்துக்கு உட்கார்ந்திருந்தார். அவர் ராத்திரியெல்லாம் வண்டி ஓட்டிவிட்டு வருகிறவர். நுரை போட்டதுமே தூங்கிவிடுவார், குறட்டைகூட விடுவார். தலை பின்னால் சாய்ந்து, கழுத்து முழுக்க மேலே தெரிய, நல்ல தூக்கத்தில் இருந்தார். வலது கன்னம் முடிந்திருந்தது.

ஆள் தூங்கினால் என்ன, இவர் பேசிக்கொண்டுதான் இருந்தார். ஏதோ ஒரு வீட்டு மாடி ஒழுகுகிற கதை. “நான் அப்பவே சொன்னேன், தளத்துல விரிசல் இருக்கு, அதை முதல்ல” என்றவர் நிறுத்திவிட்டார்.

நான் காத்திருந்தேன். அடுத்த வார்த்தை வரவில்லை.

திரை இடுக்கில் கண்ணாடியைப் பார்த்தேன். வலது கையில் கத்தி, டிரைவரின் தாடைக்குக் கீழே. தோலை இழுத்துப் பிடித்திருந்த இடது கையில் கட்டை விரல் துடித்துக்கொண்டிருந்தது. அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கத்தக் கூடாது. கத்தினால் டிரைவர் திடுக்கிட்டு எழுவார், எழுந்தால் கத்தி எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கையைப் பிடித்து இழுக்கவும் கூடாது. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு போய் அவர் பக்கத்தில் நின்றேன்.

“என்னங்க, கத்திய என்கிட்ட குடுங்க” என்றேன், காதோடு காதாக.

“ஒண்ணுமில்ல. ஒரு இழுப்புதான் பாக்கி.”

“குடுங்க.”

“ஏழு வருஷமா வரலடி. இது அது இல்ல.”

அவர் குரல் கெஞ்சியது. என்னிடம் இல்லை, அந்த விரலிடம். மணிக்கட்டும் துடிக்க ஆரம்பித்துவிட்டது. டிரைவர் தூக்கத்தில் எச்சில் விழுங்கினார், தொண்டை மேலே ஏறிக் கத்தி முனையைத் தொட்டு இறங்கியது. நான் என் கையிலிருந்த துண்டைக் கத்திக்குப் பக்கத்தில் விரித்து நீட்டினேன். வாய்க்கு வந்த கடவுளை எல்லாம் கூப்பிட்டேன்.

அவர் கத்தியைத் துண்டில் வைத்தார். நான் அதைச் சுருட்டி மேல் தட்டில் எறிந்துவிட்டுத் திரும்புவதற்குள் அவர் முழங்கை வெட்டி இழுத்தது, கண் மேலே போய்விட்டது. இடுப்பைக் கட்டிப் பிடித்துத் தரையில் இறக்கினேன். அவர் கால் பட்டு ஸ்டூல் உருண்ட சத்தத்தில் டிரைவர் விழித்துக்கொண்டார்.

“ஐயோ, என்ன தங்கச்சி! பல்லைக் கடிக்கறாரே!” என்று பாய்ந்து வந்து, கையில் கிடைத்த சீப்பை அவர் வாயில் திணிக்கப் போனார்.

“வாயில எதையும் வைக்காதீங்கண்ணே! கையையும் அமுக்காதீங்க. அந்த நாற்காலிய மட்டும் தள்ளிப் போடுங்க.”

தலைக்குக் கீழே வேறொரு துண்டை வைத்து, சட்டைக் கழுத்துப் பட்டனைக் கழற்றிவிட்டேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து நிமிஷம் தாண்டினால் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். அந்த விநாடி முள் அன்றைக்கு நகர்ந்த மாதிரி மெதுவாக என் வாழ்க்கையில் எதுவும் நகர்ந்ததில்லை. இரண்டு நிமிஷத்தில் உதறல் நின்றது. ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். பாதி முகம் நுரையோடு டிரைவர் அண்ணன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து விசிறினார்.

மூச்சு சீரானதும்தான் எனக்கு யோசனையே வந்தது. ஒரு வேளைகூடத் தவறாதவருக்கு ஏன் வந்தது? பாட்டிலை எடுத்து மேஜையில் கவிழ்த்தேன். பெரிசும் சின்னதுமாக உருண்டன. சின்னதை எண்ண எண்ண எனக்குப் புரிந்துபோனது. ஆத்திரம் வந்தது. அவர் மேல் பாதி, ‘சொல்லிட்டேன், என் வேலை முடிஞ்சுது’ என்று போன என் மேல் பாதி.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். “புது மாத்திரை பேரு, அளவு, தயாரிச்ச கம்பெனி, மூணும் டப்பாவைப் பார்த்துச் சொல்லுங்க” என்றார். குப்பைத் தொட்டியில் முழங்கை வரை கையை விட்டு, பத்து நாள் முடிக் குவியலுக்குள் தேடி, அந்த டப்பாவை எடுத்துப் படித்தேன். நடந்ததைச் சொன்னேன்.

“மருந்துல கோளாறு இல்லம்மா. கம்பெனி மாறினாலும் மருந்து அதேதான். ரெண்டையும் கலந்ததுதான் வினை. விட்டதுக்கெல்லாம் சேர்த்து இப்போ அள்ளிப் போட்டுடாதீங்க. இன்னிக்கு ராத்திரி புதுசுல ரெண்டு, சரியான அளவு. பழசைத் தனியா எடுத்து வச்சிடுங்க. நாளைக்குக் காலைல மாத்திரை போடறதுக்கு முன்னாடி கூட்டிட்டு வாங்க, ரத்தத்துல மருந்து எவ்வளவு இருக்குன்னு பார்த்துடலாம். இனிமே டப்பாவை விட்டு மாத்திரையை வெளிய எடுக்கவே கூடாது. எது மாறினாலும் முதல்ல எனக்குச் சொல்லணும். ஆமா, எப்படி வந்துச்சு? விழுந்துட்டாரா, கை மட்டும் துடிச்சுதா?”

நான் அவரைப் பார்த்தேன். கண்ணைத் திறந்திருந்தார். நாக்கு இன்னும் குழறியது. “கை மட்டும்னு சொல்லு” என்றார். “ஆறு மாசம்டி.”

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் என்ன செய்ய? “கை மட்டும்தான் துடிச்சுது டாக்டர்” என்றேன். டிரைவர் அண்ணனுக்குக் கேட்டது. அவர் தரையைப் பார்த்தார்.

“அப்படின்னா நாளைக்கு வாங்க, பார்க்கலாம்” என்று டாக்டரம்மா வைத்துவிட்டார். நான் பொய் சொன்னதில் எனக்கு வெட்கமாக இருந்தது. நிம்மதியாகவும் இருந்தது. இரண்டையும் மறைக்க விரும்பவில்லை.

டிரைவர் அண்ணன் அவரைத் தூக்கிச் சுவரோடு சாய்த்து உட்கார வைத்தார், தண்ணீர் கொடுத்தார். பிறகு முதுகில் தட்டி, “விடுப்பா. நல்ல வேளை, கத்தி கையில இல்லாத நேரமா வந்துச்சு. அந்த மட்டுக்கும் சந்தோஷப்படு” என்றார்.

இவர் தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூங்கியவருக்குத் தெரியாது. தெரிந்தது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான்.

“கையில இருந்துச்சுண்ணே” என்றார். “உங்க கழுத்துலதான் இருந்துச்சு. இவ கேட்டும் நான் உடனே குடுக்கல.”

டிரைவர் அண்ணன் கை தாடைக்குக் கீழே போனது. தடவினார். விரலை வெளிச்சத்தில் பார்த்தார். நுரை மட்டும்தான் இருந்தது.

இவர் என்னிடம் கையை நீட்டினார். “போனைப் போடு. நானே பேசறேன்.”

போட்டுக் கொடுத்தேன். “டாக்டர், அவ சொன்னது பொய். நான்தான் சொல்லச் சொன்னேன். முழுசா வந்துச்சு, விழுந்துட்டேன். அதுக்கு முன்னாடி வரைக்கும் கத்தி என் கையில இருந்துச்சு, ஒரு ஆளு கழுத்துல.” அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, இவர் ‘சரி’, ‘சரி’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை.

டிரைவர் அண்ணன் எழுந்து போனார். போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். வாசலில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, திரும்பி வந்து, பாதி முகம் நுரையோடு அதே நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பின்னால் சாய்த்தார்.

“தங்கச்சி, டிரிம்மர் மெஷினை எடுத்து நீ முடிச்சு விடு” என்றார். “அவரு பக்கத்துல உட்கார்ந்து சொல்லட்டும்.”