இடுப்பில் இரண்டு இஞ்ச்

டேப்பு அக்கா என்றுதான் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவரைக் கூப்பிடுவார்கள். யூனிஃபார்ம் தைக்கும் கடை வைத்திருந்தார். கழுத்தில் அளவு டேப் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. எங்கள் அலுவலகத்துக்கும் அதோடுதான் வருவார். "கழட்டி வச்சா கழுத்து வெறிச்சுன்னு இருக்கு" என்பார்.

அலுவலகம் என்றால் பல் டாக்டர் கிளினிக்குக்கு மேலே இரண்டு அறைகள், ஐந்து கம்ப்யூட்டர்கள். மனம் நொந்த பிள்ளைகள் அவரவர் போனிலிருந்து, பெயர் சொல்லாமல், எங்கள் இணைய அரட்டையில் எழுதுவார்கள். தன்னார்வலர்கள் பதில் எழுதுவார்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுத்து மேற்பார்வை பார்ப்பது என் வேலை. எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரி வாசலை மிதித்த ஆள் நான். உளவியல் படித்தேன். "மனுஷங்ககிட்ட பேசுறதுக்கு மூணு வருஷப் படிப்பா?" என்று அப்பா கேட்டார். சிரித்து மழுப்பினேன். இப்போது அந்தக் கேள்வி என்னை விடுவதில்லை.

அக்கா பத்தாவது வரை படித்தவர். இரண்டு ஆள்காட்டி விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டுவார். ஆனாலும் பிள்ளைகள் அவரிடம்தான் அதிக நேரம் பேசினார்கள். 'உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது' என்று எழுதச் சொல்லிக் கொடுத்தேன்.

"எனக்கு இன்னும் புரியலையே பட்டதாரி, எப்படிப் புரியுதுன்னு எழுத?" என்றார். என்னை அவர் கூப்பிடும் பெயர் அதுதான், பட்டதாரி. அந்த வாக்கியத்துக்குப் பதிலாக, 'இன்னைக்குக் காலையில எந்திரிச்சதும் முதல்ல என்ன தோணுச்சு?' என்று எழுதினார். எதிர்முனையில் இருந்த பிள்ளை அரை மணி நேரம் எழுதித் தள்ளியது.

ஏன் வந்தீர்கள் என்று பயிற்சியின் கடைசி நாளில் எல்லோரிடமும் கேட்பேன். அக்கா டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "என் தங்கச்சிக்குப் பதினாறு வயசு. ஒரே வருஷத்துல மூணு தடவை அவ பாவாடை இடுப்பைப் பிடிச்சுத் தைச்சுக் குடுத்தேன். ஏன்டி இப்படி இளைக்கிறேன்னு ஒரு வார்த்தை கேக்கல. தையல் நேரா வந்துச்சான்னுதான் பார்த்தேன். நாலாவது தடவை தைக்க அவ இல்ல."

ஒரு புதன்கிழமை சாயங்காலம் 'பென்சில் டப்பா' என்ற பெயரில் ஒரு பெண் அக்காவின் திரையில் எழுத வந்தாள். ஒரு மாதமாகச் சாப்பாட்டைக் குப்பையில் கொட்டுவதாகவும், வீட்டில் யாருக்கும் தெரியாது என்றும் எழுதினாள். பிறகு இப்படி: 'இன்னைக்கு யூனிஃபார்ம் அளவு குடுக்கப் போனேன். ரெண்டு இஞ்ச் குறைஞ்சிடுச்சே, காத்தடிச்சா பறந்துடாதேன்னு டைலரக்கா சொன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. பறந்துட்டா நல்லதுதான். பரீட்சைக்கு முன்னாடி எல்லாம் முடிஞ்சிடும்.'

முடிவது என்றால் என்ன என்று அக்கா நேராகவே கேட்டார். அப்படித்தான் கேட்க வேண்டும் என்பது பயிற்சி. பதில் வரவில்லை. அவள் போய்விட்டாள்.

அக்கா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"பட்டதாரி, அந்த டைலர் நான்தான். இன்னைக்கு மத்தியானம் நான்தான் சொன்னேன். பிள்ளை யாருன்னு தெரியும். டிரைவர் மக. வீடும் தெரியும்."

"அக்கா, யாருன்னு நாம தேடிப் போகக் கூடாது. அது விதி."

"விதிய எழுதினவன் அவளுக்கு இடுப்பு அளந்தானா? போகட்டுமா வேண்டாமா, சொல்லு."

எங்கள் மேலதிகாரிக்கு இரண்டு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. "எனக்குத் தெரியலக்கா" என்றேன். அதை இன்றுவரை பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நிஜமாகவே எனக்குத் தெரியவில்லையா? இல்லை, அவர் போகட்டும், பழி மட்டும் என் தலையில் விழாமல் இருக்கட்டும் என்று நினைத்தேனா? அக்கா பையை எடுத்துக்கொண்டு போனார். நான் தடுக்கவில்லை.

டிரைவரின் மனைவி கதவைத் திறந்தார். உங்கள் மகள் சாகிற நினைப்பில் இருக்கிறாள், எங்களுக்கு எழுதியிருக்கிறாள் என்று அக்கா சொன்னார். உள்ளிருந்து வந்த மகள் திகைத்து நின்றாள். "நான் யாருக்கும் எதுவும் எழுதலம்மா, டைஃபாய்டுலதானே இளைச்சேன்" என்று அழுதாள். அப்பா நம்பவில்லை. போனைப் பிடுங்கித் தேடினார். அவர் தேடாத ஒன்று கிடைத்தது, ஒரு பையனின் செய்திகள். மறுநாளிலிருந்து அந்தப் பெண் பள்ளிக்கூடம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை பென்சில் டப்பா திரும்ப வந்தாள். அக்காவின் திரையில்தான் வந்து விழுந்தாள்.

'எங்க கிளாஸ் பொண்ணு ஒருத்திய டேப்பு அக்கா வீட்டுல போய் மாட்டிவிட்டுட்டாங்களாம். இங்க எழுதினதைச் சொல்லித்தானாம். அவ எழுதல. நான்தான் எழுதினேன். நீங்களும் சொல்லிடுவீங்கன்னு தெரியாம போச்சு.'

அக்காவின் இரண்டு விரல்களும் எழுத்துகளுக்கு மேலே நின்றன. முதல் வார்த்தை முடிவதற்குள் அவள் போய்விட்டாள்.

பையிலிருந்து கடையின் அளவு நோட்டை எடுத்தார் அக்கா. புதன்கிழமைப் பக்கம். டிரைவர் மகளுக்கு நாலு வரி கீழே இன்னொரு பெண், அவளுக்கும் இடுப்பில் இரண்டு இஞ்ச் குறைவு.

"ரெண்டு பேர்கிட்டயும் அதே தமாஷைத்தான் சொல்லியிருக்கேன்" என்றார். "இளைச்ச பிள்ளைங்க எல்லார்கிட்டயும் சொல்வேன். பழக்கம். டிரைவர் மக முகம் என் தங்கச்சி ஜாடை. அதனால அது மட்டும்தான் ஞாபகத்துல நின்னுச்சு."

மேலதிகாரி இந்த முறை போனை எடுத்தார். அக்கா இனி வரக் கூடாது, இரண்டு வீட்டுப் பக்கமும் யாரும் போகக் கூடாது, திங்கட்கிழமை கூடிப் பேசி முடிவெடுப்போம் என்றார். சரி என்றேன். சம்பளம் வாங்குகிற ஆள் நான்.

"அந்த இன்னொரு பிள்ளைய சனிக்கிழமை துணி வாங்க வரச் சொல்லியிருக்கேன்" என்றார் அக்கா. "வந்தா பேசிக்கிறேன்."

சனிக்கிழமை நான் கடைக்குப் போனேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாசல் வரை வந்து, அக்காவைப் பார்த்ததும் எதிர்க் கடைக்குப் போனார்கள். ஒருத்தி மட்டும் உள்ளே வந்து தன் துணியை எடுத்துக்கொண்டு, "அளவெல்லாம் வேணாம்க்கா" என்று ஓடினாள். நோட்டில் இருந்த அந்த இன்னொரு பெண்ணின் பாவாடை இஸ்திரி போட்டு ஆணியில் தொங்கியது. சாயங்காலம் வரை இருந்தோம். அவள் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை.

திங்கட்கிழமை காலை கூட்டத்துக்குப் போகாமல் கடைக்குப் போனேன். அக்கா பாவாடையை மடித்துக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"இந்தத் தடவையாவது சொல்லு பட்டதாரி. போனா காட்டிக் குடுத்தவ. போகலன்னா..."

"நானும் வர்றேன்க்கா. துணி குடுக்கத்தானே போறோம்."

நோட்டில் இருந்த முகவரி ஒரு அடுக்குமாடி வீட்டின் மூன்றாம் மாடி. கதவு பூட்டியிருந்தது. மணியடித்த சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தார், கையில் ஈரத் துணியோடு.

"அவங்க இல்லீங்களே. பெரிய பிள்ளைய நேத்து மத்தியானம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. என்னன்னு வாயத் திறக்க மாட்டேங்கிறாங்க."

"உயிர் இருக்கா?" என்றார் அக்கா.

"என்னங்க இப்படிக் கேக்குறீங்க? இருக்குன்னுதான் சொன்னாங்க. கண்ணு முழிக்கலயாம். நீங்க யாரு?"

அக்கா என்னைப் பார்த்தார். அலுவலகத்தில் பிள்ளைகளைப் பற்றிப் பேச ஆயிரம் வார்த்தை வைத்திருந்தேன். கதவில் தொங்கிய பூட்டைப் பார்த்தேன்.

"டைலருங்க" என்றார் அக்கா. காகிதப் பொட்டலத்தை நீட்டினார். "அவங்க வந்தா குடுத்துடுங்க. இடுப்புல ரெண்டு இஞ்ச் துணியை வெட்டல, உள்ளயே மடிச்சு வச்சிருக்கேன். பிள்ளைக்கு உடம்பு தேறினா பிரிச்சு விட்டுக்கலாம்னு சொல்லுங்க."

இறங்கும்போது அவர் கழுத்தில் டேப் இல்லை என்பதைக் கவனித்தேன்.