தொட்டில் துணியின் கசப்பு

எதையும் தோண்டித் துருவிப் பார்க்காவிட்டால் வேலாயிக்குச் சோறு இறங்காது. கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவுக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டமொன்றில் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொண்டவள் அவள். தாய்மார் கொழுந்து பறிக்கப் போனால், உத்திரத்தில் தொங்கும் துணித் தொட்டில்களில் கிடக்கும் குழந்தைகள் எல்லாம் அவள் பொறுப்பு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்தில் புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்த பிறகு அதுதான் பிழைப்பு. யார் வீட்டில் என்ன குழம்பு என்பதிலிருந்து துரையின் நாய் ஏன் நொண்டுகிறது என்பது வரை அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். கண்ட இடத்திலெல்லாம் மூக்கை நுழைக்கிறாள் என்று லயத்து வீடுகளில் திட்டாத ஆள் இல்லை. அந்த மூக்கு மட்டும் இல்லையென்றால் ஒரு பிள்ளை மண்ணுக்குப் போயிருக்கும்.

பாப்பம்மாவின் ஆறு மாதப் பையன் அழவே மாட்டான். மற்றதுகள் காம்பராவை இரண்டாக்கும்போது இவன் தொட்டிலின் ஓரத்தைச் சூப்பிக்கொண்டே தூங்கிப்போவான். தங்கமான பிள்ளை என்று வேலாயியே ஊரெல்லாம் சொல்லிவைத்தாள். அதைவிட அதிசயம் அவன் தகப்பன் வீரையா. மத்தியானம் தவறாமல் வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போவான். வேறெந்த ஆம்பிளை அந்த வாசலை மிதித்தான்? பெண்கள் பெருமூச்சு விட்டார்கள். வேலாயிக்கு மட்டும் மனசு அரித்தது.

ஒரு நாள் எறும்பு கடித்துப் பிள்ளையின் காது வீங்கியிருந்தது. அவன் முகம்கூடச் சுளிக்கவில்லை. இமையை விலக்கிப் பார்த்தாள். கருமணி கடுகளவுக்குச் சுருங்கியிருந்தது. அடுத்த மூச்சு வருமா என்று காத்திருக்க வேண்டியிருந்தது. அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, அப்போதும் விடாமல், அவன் சூப்பிய ஓரத்தை நாக்கில் வைத்துப் பார்த்தாள். வேப்பங்கொட்டைக் கசப்பு. துணியும் சேலை இல்லை, பழுப்பேறிய வேட்டி. ஓரம் ஓரமாகக் கிழிபட்டு, போன வாரத்தைவிடக் குட்டையாகியிருந்தது.

அந்நேரம் வீரையா வந்தான். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அவன் கை பிள்ளையிடம் போகவில்லை, தொட்டிலுக்குப் போனது.

"என்னப்பா இது?"

அவன் தலை குனிந்தான். "அபினு, அக்கா. தண்ணியில கரைச்சு, வேட்டிய நனைச்சுக் காயவச்சு, ஊர்லருந்து வரும்போது, ஆளச் சோதிக்கிற மண்டபம் கேம்பு வழியா கொண்டாந்தேன். துணின்னா யாரும் சோதிக்க மாட்டாங்க. பாப்பம்மா தெரியாம எடுத்துத் தொட்டில் கட்டிட்டா. என்னான்னு சொல்லி அவுக்கச் சொல்ல? நானும் மத்தியானம் மத்தியானம் வந்து ஓரத்தக் கிழிச்சு வாயில போட்டுக்கிட்டுப் போவேன்."

"புள்ள சூப்புறது ஒனக்குத் தெரியுந்தானே?"

"தெரியும். கெடுதலா இருந்தா அழுவான்னு நெனச்சேன். நீங்களும் தங்கமான புள்ளன்னு சொன்னீங்களே."

வேலாயி பிள்ளையோடு தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். வீரையாவும் பின்னாலேயே வந்து வாசலில் குந்தினான். தூங்கவிடாமல் உள்ளங்காலைத் தட்டிக்கொண்டே இருக்கச் சொன்னார் டாக்டரையா. கொழுந்து மலையிலிருந்து பாப்பம்மா வந்து சேரும்போது பையன் முனகத் தொடங்கியிருந்தான். பொழுது சாயும்போது வீறிட்டு அழுதான். உடம்பு நடுங்கியது, மூக்கு ஒழுகியது.

"நாலஞ்சு நாளைக்கு இப்படித்தான் கெடந்து அழுவான். அப்புறம் தேறிடுவான்" என்றார் டாக்டரையா.

பாப்பம்மா பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். வேலாயிதான் கேட்டாள். "அப்ப அவன் அப்பனுக்கு எத்தன நாளாகும்?"

மூவரும் வாசலைப் பார்த்தார்கள். வீரையா அங்கே இல்லை. வேலாயி காம்பராவுக்கு ஓடினாள். தொட்டில் வேட்டியைக் காணோம், உத்திரத்தில் கயிறு மட்டும் தொங்கியது.